காயல்பட்டினத்துக் கத்தரிக்காய் ஆணம்

தூத்துக்குடியில் நெய் வேண்டாம் என்று சொன்னால் நோயாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வந்து இறங்கிய காலையில், பழைய துறைமுகத்துக்குப் போகும் தெருவில் ஒரு சைவ உணவகத்தில் உட்கார்ந்தேன். தோசையில் நெய் ஊற்றுவீர்களா, சட்னியில் தயிர் கலப்பீர்களா, சாம்பாரை எதில் தாளித்தீர்கள் என்று போலீஸ்காரி மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தேன். பரிமாற வந்த பெண் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுக் கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இந்த அக்காவுக்கு மேலுக்குச் சொகமில்ல போல. நெய்யி, தயிரு ஒண்ணும் ஆகாதாம்."

"அப்போ இட்லியும் பொடியும் வையி. நல்லெண்ணெய் ஊத்தலாமான்னு கேட்டுக்கோ, பாவம்."

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். கறி, மீன், முட்டை, பால், தேன் எல்லாவற்றையும் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஏன் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன் என்பது தெரிந்து நண்பர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இதற்கு நனிசைவம் என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. சொன்னேன், புரியவில்லை. வீகன் என்றேன், அதுவும் எடுபடவில்லை. பால்கூடச் சேர்க்காத சைவம் என்றேன். அது புரிந்தது. கூடவே கேட்காமல் ஓர் இட்லியும் வந்தது.

என் பிழைப்பும் இந்தச் சாப்பாடுதான். பினாங்கில் சின்னதாக ஒரு பயண நிறுவனம். முதலாளி ஒரு சீன அம்மையார். என்னைப் போன்ற சாப்பாட்டுக்காரர்களைக் குழுவாகச் சேர்த்து ஊர் ஊராக அழைத்துப் போவோம். உணவகங்களில் சாப்பிட வைப்போம், அந்தந்த ஊர்ப் பெண்களிடம் சமையலும் கற்க வைப்போம். முன்னால் போய் எல்லாவற்றையும் தின்று பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்வது என் வேலை. பினாங்கில் நல்ல சம்பல் எல்லாவற்றிலும் பெலாச்சான் என்கிற இறால் விழுது ஒளிந்திருக்கும். தெருமுனையில் நின்றே அதை மோப்பம் பிடித்துவிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்தக் கரையில் ஒரே ஓர் இடம் எங்களுக்கு வேண்டும். காயல்பட்டினத்தில் மர்யம் என்ற பெண் தன் வீட்டிலேயே சமையல் வகுப்பு நடத்தத் தயாராக இருந்தாள். தொலைபேசியில் பல தடவை பேசி, எதெல்லாம் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கடைசியாகப் பேசியபோது அவள் சொன்ன விஷயம்தான் வழியெல்லாம் என் தலையில் உட்கார்ந்திருந்தது. அவள் கணவர் சதக்குக்குச் சவுதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை. நோன்புக்கும் பெருநாளுக்கும் விடுப்பில் வந்திருக்கிறார். வாரக் கடைசிக்குள், திரும்ப வருவாரா மாட்டாரா என்று கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும்.

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவுக போகமாட்டாக அக்கா" என்றாள் மர்யம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. சாப்பிடப் போகிறவள் தலையில் இப்படி ஒரு மூட்டையை ஏற்றலாமா? ஒரு கத்தரிக்காயை நிம்மதியாக மெல்ல முடியுமா இனி?

அன்று பகல் முழுக்கத் தூத்துக்குடியிலேயே சுற்றினேன். துறைமுகத்துச் சாலையில் புதிதாக ஒரு வீகன் காப்பிக் கடை திறந்திருந்தார்கள். இந்த ஊருக்குத்தான் கப்பலில் முந்திரி வந்து குவிகிறதே, அதை அரைத்துப் பாலெடுத்துக் காப்பி போட்டுத் தந்தார்கள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. பாராட்டலாம் என்று உரிமையாளரைத் தேடினால், பக்கத்து டீக்கடையில் நின்று ஆடை மிதக்கும் பால் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மக்ரூன் சாப்பிடாமல் தூத்துக்குடியை விட்டுப் போகாதே என்று பினாங்கில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பேக்கரியில் நின்று, முட்டையில்லாத மக்ரூன் கிடைக்குமா என்று கேட்டேன்.

"முட்டையில்லாத மக்ரூனா?" கடைக்காரர் அண்ணாச்சி சிரிக்கவில்லை. "உப்பில்லாத கடல் இருந்தாச் சொல்லுங்க, நான் போட்டுத் தாரேன்."

ஆனால் அவர் என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பழுப்பாக, கண்ணாடி போலப் பளபளத்த ஒரு துண்டு அல்வாவை இலையில் வைத்து நீட்டினார். முதலூர்ப் பக்கத்து மஸ்கோத் அல்வா. கோதுமைப் பாலும் தேங்காய்ப்பாலும் சீனியும்தான், நெய் ஒரு சொட்டும் கிடையாது என்றார். வாயில் போட்டதும் கரைந்து போனது.

"நெய் இல்லன்னு பலகையில எழுதிப் போடலாமே" என்றேன்.

"எழுதுனா யாரு வாங்குவா?" என்று குரலைத் தாழ்த்தினார். "நெய் சேக்காம ஏமாத்துதான்னு சொல்லுவாவ. நாங்க அதைப் பத்திப் பேச்சே எடுக்கிறதில்ல."

எங்கள் ஊரில் நெய் இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு இரட்டை விலைக்கு விற்கிறார்கள். நான் ஒரு கிலோ வாங்கி, அறைக்குப் போகும் முன்பே பாதியைக் காலி செய்தேன்.

மறுநாள் காலை திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறினேன். காயல்பட்டினம் போகுமா என்று நடத்துநரிடம் கேட்டேன். ஏறுங்க, ஏறுங்க என்றார். உப்பளங்களைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வாழையும் நெல்லுமாக ஊர்கள் வந்தன. ஓரிடத்தில் கொற்கைக்கு வழி காட்டும் பலகை வாழைத்தோப்புப் பக்கம் திரும்பி நின்றது. முத்துக் குளித்த துறைமுகமா இது என்று வியந்தேன். பக்கத்தில் வெற்றிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "கடல் அங்கிட்டுத் தள்ளிப் போயிட்டு. எங்களுக்கு வயலு கெடச்சுது" என்று லாபக் கணக்காகச் சொன்னார்.

ஆறுமுகநேரியில் நடத்துநர் குரல் கொடுத்தார். "காயல்பட்டினம் எறங்குறவங்க இங்கனயே எறங்கிக்கோங்க. வண்டி அந்த வழியாப் போவாது."

"ஏறும்போது போகும்னு சொன்னீங்களே?"

"ஏறுங்கன்னு சொன்னேன். போவும்னு எப்பம்மா சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். திட்டுவதற்கும் வழியில்லாமல் இறங்கினேன். வெயிலில் ஒரு ஆட்டோ பிடித்து, பனையோலை வேய்ந்து மூடிய உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். தெருமுனையில் இறங்கியதும், ஒரு சுவர் இடுக்கிலிருந்து பெண் குரல் கேட்டது.

"அக்கா, தெரு வேணாம், இப்படி முடுக்கு வழியா வாங்க."

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்து. பெண்கள் வெயிலும் பார்வையும் படாமல் வீடு விட்டு வீடு போவதற்கென்றே இந்த ஊரில் இப்படிச் சந்துகளை விட்டிருக்கிறார்கள். அதன் வழியாக என்னை இழுத்துக்கொண்டு போனவள்தான் மர்யம். முப்பத்தைந்து வயதிருக்கலாம். படபடவென்று பேச்சு.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள்.

காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று சொல்வது எங்கள் மலேசியாவில்தான் என்று நினைத்திருந்தேன். கடலுக்கு இந்தப் பக்கம் அதே சொல்லைக் கேட்டதும், நடத்துநர் மீது மிச்சமிருந்த கோபமும் போய்விட்டது.

இந்த ஊரில் கல்யாணமானால் பெண் வேறு வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மர்யத்துடையது. சதக் உயரமான, கூச்சமான மனிதர். கூடத்து மூலையில் அவருடைய பெட்டி பாதி அடுக்கிய நிலையில் திறந்து கிடந்தது. சட்டைகளுக்கு மேலே, வாயைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிய பெரிய டப்பா. மேலே 'சதக், தம்மாம்' என்று எழுதியிருந்தது. மிளகாய்ப் பொடி என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் தொதல் கிண்டக் கற்றுக்கொண்டேன். அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் உருளியில் சேர்ந்து, எண்ணெய் பிரிந்து பக்கங்களை விட்டு விலகி வரும்வரை கிண்ட வேண்டும். கை கழன்றுவிடும் போலிருந்தது. "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று மர்யம் விடவே இல்லை. ஆறியபின் ஒரு துண்டு வாயில் போட்டபோது, அவள் மீது இருந்த வருத்தமெல்லாம் மறைந்தது. இனிப்பில் அவள் தேறிவிட்டாள், அதில் சந்தேகமே இல்லை.

பகல் சாப்பாட்டில்தான் சறுக்கியது. குழம்பை இங்கே ஆணம் என்கிறார்கள். மர்யம் பெரிதும் நம்பியிருந்தது கத்தரிக்காய் மாங்காய் ஆணம். பார்க்க அழகாக இருந்தது. சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். உப்பு இல்லை, உறைப்பு இல்லை. தேங்காய்ப்பாலில் காய்கள் சும்மா குளித்துவிட்டுக் கரையேறி வந்தது போலிருந்தது.

"நீங்க சாப்பிடலையா?" என்றேன், பேச்சை மாற்ற.

"ஆறு நோன்பு புடிச்சிருக்கேன் அக்கா." பெருநாள் முடிந்தபின் பிடிக்கும் ஆறு நோன்பு அது. "உப்புக்கூடப் பாக்கல. எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று என் வாய் சொன்னது. என் முகம் மட்டும் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அதனாலேயே எனக்கு விருந்து அழைப்புகள் குறைவு. மர்யம் அப்போது அப்பளம் எடுக்கத் திரும்பியிருந்தாள். தண்ணீர்ச் செம்போடு வந்த சதக் என் முகத்தைப் பார்த்துவிட்டார். செம்பை வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு தடவை இதையே சமைக்கலாம், நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மர்யத்துக்குப் புரிந்துவிட்டது. முடுக்கு முனைவரை வந்தவள், வழக்கமான படபடப்பு இல்லாமல் சலாம் சொல்லித் திரும்பினாள்.

அடுத்த நாள் அதே ஆணம். முதல் கவளத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாங்காயின் புளிப்புக்கும் தேங்காய்ப்பாலுக்கும் அடியில், கட்டிப் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஆழமாக ஒரு ருசி. லேசாகப் புகை வாசம்.

"கத்தரிக்காயைச் சுட்டுப் போட்டீங்களா?"

"இல்லயே. வதக்கித்தான் போட்டேன். உப்பு மட்டும் கூடப் போட்டேன்." அன்றும் நோன்பு. அவள் வாயில் வைக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சட்டியில் ஒட்டியிருந்ததையும் சோறு போட்டுத் துடைத்தேன். அங்கேயே உட்கார்ந்து முதலாளி அம்மையாருக்கு, 'இடம் கிடைத்துவிட்டது' என்று செய்தி அனுப்பினேன். மர்யத்திடம், "சரி" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சதக் வாசலில் நின்று ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, அவருக்கும் கொஞ்சம் எனக்கும்.

ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. வெளியாட்களை வைத்து முழு வகுப்பு ஒன்று நடத்திப் பார்ப்பது. மறுநாள் அதற்காக நாசரேத்திலிருந்து கிரேஸ் டீச்சர் வந்தார். ஓய்வுபெற்றவர், மர்யத்துக்குப் பழக்கம். லெந்து என்கிற தவக்கால நாட்களில் கறி சாப்பிடுவதில்லை என்பதால் கறியில்லாத சமையல் நாலு கற்றுக்கொள்ளலாம் என்று வந்திருந்தார். கையோடு பெரிய தூக்குச்சட்டி. கற்பது பாதி, எடுத்துப் போவது பாதி என்று சொல்லிச் சிரித்தார்.

வகுப்பு நன்றாக நடந்தது. ஆணம் மெல்லிய தீயில் கொதித்தது. மர்யம் லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்கு உள்ளறைக்குப் போனாள். நானும் டீச்சரும் கூடத்தில் உட்கார்ந்து நுங்கு தின்றோம். பள்ளிவாசலுக்குக் கிளம்பிய சதக், அடுக்களைப் பக்கமிருந்து கையைத் துடைத்தபடி வந்து, எங்களைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டுப் போனார்.

இலை போட்டாயிற்று. டீச்சர் முதல் கவளத்தை விழுங்கிக் கண்ணை மூடினார்.

"ஏளா மர்யம், என்ன ருசி! மாசி வாசம் அப்படியே தூக்குது."

"மாசின்னா என்ன?" என்று நான் கேட்டேன். ஏதோ இலை, ஏதோ பட்டை என்று நினைத்தேன்.

"தெரியாதா ஒங்களுக்கு? சூரை மீனை வேகவச்சு, பொகையில போட்டு, கட்டையாக் காயவைப்பாவ. இடிச்சுப் பொடி பண்ணி…" சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

நான் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தேன். நேற்றைய புகை வாசம். நேற்றைய மூன்று தடவை.

"நான் போடல!" மர்யத்தின் குரல் உடைந்தது. "அல்லா மேல ஆணையா நான் போடல அக்கா. நீங்க சொன்ன அன்னைக்கே அடுக்களையில இருந்த மாசியெல்லாம் எடுத்துட்டேன். அவுக பெட்டியில இருக்கிற ஒரு டப்பாதான் ஊட்டுல இருக்கு."

எல்லோரும் கூடத்து மூலையைப் பார்த்தோம். டப்பாவின் ஒட்டுநாடா ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. அந்த நேரம் பார்த்து சதக் பள்ளியிலிருந்து திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"மச்சான், ஆணத்துல மாசி போட்டீங்களா?"

அவர் பெருமையோடுதான் தலையாட்டினார். எங்கள் முகங்களைப் பார்த்தபின் அந்தப் பெருமை இறங்கியது. "ஒரே ஒரு கரண்டி. நேத்தும் போட்டேன். மொத நாளு அக்கா மொகத்தைப் பாத்தேன், சாப்பாடு எறங்கல அவங்களுக்கு."

"மீன் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"மீன் போடலையே. மாசிதானே போட்டேன்."

அவர் நடிக்கவில்லை. இந்த வீட்டில் மீன் என்பது சந்தையிலிருந்து ஓலைப் பெட்டியில் ஈரமாக வருவது. மாசி என்பது மிளகு, சீரகத்தோடு அலமாரித் தட்டில் இருப்பது. நோன்பிருந்த மர்யம் ருசி பார்க்கவில்லை. வாசம் வரவில்லையா என்றால், அது இந்த வீட்டுச் சுவரிலேயே ஊறியிருக்கிறது. தெருமுனையில் பெலாச்சானை மோப்பம் பிடிக்கிறவள், ஒரு சட்டி ஆணத்தைத் துடைத்துத் தின்றிருந்தேன்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் மர்யம் முந்திக்கொண்டாள்.

"நேத்து அவங்க மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டதை நெனச்சு நெனச்சு எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? என் கைப்பக்குவம்னு நெனச்சேனே. அது மாசியா? என் ஊட்டு அடுப்புல, என்னக் கேக்காம ஏன் போட்டீங்க?"

சதக் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "அங்க ரூம்ல எவன் சமைச்சாலும் வாயில வைக்க முடியாது. நீ கட்டிக் குடுக்கிற மாசியை ஒரு கரண்டி போட்டா, நம்ம ஊட்டுச் சாப்பாடாயிரும். எத்தன வருசமா அப்படித்தானே தின்னேன். இங்கயும் அப்படி ஆயிரும்னு நெனச்சேன்."

மர்யம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிரேஸ் டீச்சர் மட்டும் நிதானமாக இலையை முடித்து, மீதி ஆணத்தைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டார். "எனக்குத் தடையில்ல. கொட்டுனா பாவம்" என்றார்.

நான் கடற்கரைக்கு நடந்தேன். காயல்பட்டினத்துக் கடற்கரை பெரிய மணல்வெளி. எங்கள் ஊர்க் கடற்கரையில் கடைகள் வரிசையாக நெருக்கும், இங்கே காற்றுதான் நிறைந்திருந்தது. வாயைக் கொப்பளித்தேன், எதற்கென்று தெரியவில்லை. பிறகு முதலாளி அம்மையாரைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"பெலாச்சான் மாதிரியா?" என்று கேட்டார்.

"அதைவிட மோசம். நன்றாக இருந்தது."

கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு வியாபாரக் குரலுக்குத் திரும்பினார். "நம் ஆட்களை அந்த வீட்டில் உட்கார வைக்க முடியுமா, முடியாதா? இதை நீதான் சொல்ல வேண்டும். பரிதாபப்பட்டுச் சொல்லாதே."

அதுதான் என்னை உறுத்தியது. மர்யத்தை நம்பலாம், அது தெரியும். ஆனால் மாசியை எடுத்துவிட்டால் அவளிடம் மிஞ்சுவது முதல் நாள் ஆணம்தான். அதற்காக யாரும் கப்பலோ விமானமோ ஏறி வர மாட்டார்கள். பரிதாபப்பட்டுச் சரி என்று சொன்னால், சதக் இருக்கிற வேலையை விடுவார். இரண்டு குழு வந்து முகம் சுளித்துவிட்டுப் போகும். அப்புறம் அவர் எங்கே போவார்? மணலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். முடியாது என்று சொல்லத் தீர்மானித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

மறுநாள் அதைச் சொல்வதற்காகப் போனேன். முடுக்கிலேயே சதக் நின்றிருந்தார். "உள்ள விடமாட்டேங்கிறா அக்கா" என்றார்.

அடுக்களையில் புது மண்சட்டி அடுப்பிலிருந்தது. மர்யம் கண் வீங்கியிருந்தாள், ஆனால் கைகள் வேகமாக ஓடின. கிரேஸ் டீச்சர் தூக்குச்சட்டியோடு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு நோன்பு புடிக்கல" என்றாள் மர்யம், என்னைப் பேச விடாமல். "ஆறு நோன்பை விட்டுவிட்டும் புடிக்கலாம். ருசி பாக்காமச் சமைச்சது என் தப்பு. அதோட, வெளியூர்க்காரங்க வாயி தாங்காதுன்னு ஒங்களுக்குப் பயந்து பயந்து சமைச்சேன். இன்னைக்கு எனக்குச் சமைக்கிறேன். நீங்க சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். தேங்காயைக் கருகும் எல்லைவரை வறுத்து அரைத்தாள். கத்தரிக்காயை எண்ணெயில் பாதி வேகும்வரை விட்டாள். மிளகாயை அள்ளிப் போட்டாள். கரண்டியால் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள், உப்புப் போட்டாள், மறுபடி நக்கினாள், "இல்ல" என்றாள், இன்னும் கொஞ்சம் புளிப்பு மாங்காய் போட்டாள். தொதல் கிண்டும்போது என்னை விரட்டிய அதே பிடிவாதம். எத்தனை தடவை ருசி பார்த்தாள் என்று கணக்கில்லை. கடைசியில் ஒரு தடவை நக்கிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

மூக்கை நுழைத்து முகர்ந்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு சாப்பிட்டேன். உறைப்பில் கண்ணில் நீர் வந்தது. கத்தரிக்காய் நாக்கில் கரைந்து போனது. வறுத்த தேங்காயின் வாசமும் மாங்காயும் சண்டை போட்டுச் சமாதானமாகியிருந்தன. கையை நிறுத்த முடியவில்லை.

"முந்தாநாளையதை விடவா?" மர்யம் கேட்டாள்.

பொய் சொல்ல இடமில்லை. "அதுல இருந்த ஆழம் இதுல இல்ல" என்றேன். "ஆனா அந்த நெனப்பே இல்லாம ரெண்டாவது தடவை வாங்கிட்டேன். மூணாவதும் வேணும். எங்க ஆளுங்களை அனுப்பறேன்."

மர்யம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் மட்டும், "கொஞ்சம் மாசி போட்டா…" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

நான் நிபந்தனைகளைச் சொன்னேன். எங்கள் குழுவுக்குச் சட்டிகள் தனி. இந்த வீட்டுக்குள் மாசி கூடாது. தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்த மர்யம் சட்டென்று எழுந்தாள். நேராகக் கூடத்து மூலைக்குப் போனாள். பெட்டியிலிருந்து அந்த டப்பாவை எடுத்து, பிரிந்த ஒட்டுநாடாவைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, கிரேஸ் டீச்சரின் மடியில் வைத்தாள்.

"நாசரேத்துக்குக் கொண்டு போங்க டீச்சர்."

வாசலில் நின்ற சதக் எட்டிப் பார்த்தார். "அது என் டப்பால்ல? தம்மாமுக்குக் கட்டுனது."

"ஊருல இருக்கிறவுகளுக்கு அது எதுக்கு?" என்றாள் மர்யம். அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார். அவள் கரண்டியை உயர்த்தினாள்.

"ஊருல இருக்கலாம் மச்சான். அடுக்களைக்குள்ள மட்டும் வரப்படாது."